குத்தகைக் காணியில் கோட்டை கட்டாதீர்கள்

கனடாவில் வாழும் என் பெறாமகன் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். வழமையான சுகவிசாரிப்புகள் முடிந்ததும், "பெரியப்பா, வரைபடம் கீறுகிற மென்பொருள் ஒன்று வாங்கவேணும். எதை வாங்கலாம் எண்டு தேடினால் பத்துப் பேர் பத்து மாதிரிச் சொல்லுகினம். நீங்கள் பேப்பரிலை இருந்தனீங்கள், தேசப்படம் கீறுவிச்சுப் போட்டனீங்கள். ஒரு வழி சொல்லுங்கோ" என்றார்.

அவர் கேட்டது நிலஅளவைக்கான மென்பொருளை அன்று. சனிக்கிழமை இரவுகளில் நண்பர்கள் ஐவருடன் மேசையைச் சுற்றியிருந்து அவர் ஆடுகின்ற 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் பாத்திர விளையாட்டுக்கானது அது. இவ்விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். ஒருவர் கதை நடத்துநராக இருப்பார். மற்றையோர் வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். நடத்துநர் ஓர் உலகத்தை விபரிப்பார். ஏனையோர் தத்தம் பாத்திரம் அங்கே என்ன செய்கின்றது என்று சொல்வர். ஐயத்துக்கிடமான செயல் கைகூடுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கதை எங்கே போய் முடியும் என்பது நடத்துநருக்கும் தெரியாது. ஒரே கதையை ஆண்டுக்கணக்கில் தொடர்கின்ற குழுக்கள் உண்டு.

பெறாமகனின் குழு ஒரே உலகத்தில் 4 ஆண்டுகளாக ஆடி வருகின்றது. அந்த உலகத்தின் வரைபடத்தை அவர் ஓர் இணையத்தளத்தில் வரைந்து வந்தார். மாதச் சந்தா கட்டுகின்ற தளம். உலாவியைத் திறந்தால் போதும். மலையையும் காட்டையும் இழுத்து வைத்துவிடலாம். தளத்தின் பெயர் இங்கு அவசியமன்று. இடையில் வேலை போனதனால் சில மாதங்கள் சந்தாவை நிறுத்தியிருந்தார். மீண்டும் கட்டலாம் என்று போனபோது தளமே இல்லை. மூடப்போவதாக அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல் குப்பை அஞ்சற் பெட்டிக்குள் கிடந்தது. கையில் எஞ்சியவை முன்னொரு நாளில் தரவிறக்கி வைத்த 3 படங்கள் மாத்திரமே.

அவருக்கு நான் அளித்த மறுமொழியையே இங்கு சற்று விரிவாக எழுதுகின்றேன். 'எது அழகான வரைபடம் தரும்' என்று கேட்டு மென்பொருளைத் தெரிவு செய்வது தவறு. 'நான் காசு கட்டுவதை நிறுத்தும் நாளில், அல்லது அவர்கள் கடையைப் பூட்டும் நாளில், என் கையில் என்ன இருக்கும்' என்பதே முதற்கேள்வியாக இருக்கவேண்டும். இந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை தராத மென்பொருள் எத்துணை அழகான மலைகளை வரைந்து தந்தாலும் அதனை நம்பி ஓர் உலகத்தைக் கட்டக்கூடாது என்பது என் கட்சி.

'சிறந்த 10 மென்பொருள்கள்' என்று இணையத்தில் மலிந்துகிடக்கும் பட்டியல்களில் இந்தக் கேள்வியை நான் அரிதாகவே காண்கின்றேன். எதில் எத்தனை ஆயிரம் சித்திரங்கள் உள்ளன, எதில் கடலலை இயல்பாகத் தெரிகின்றது, எதில் அரை மணித்தியாலத்தில் ஒரு கண்டத்தை முடிக்கலாம் என்பனவே அங்கு அளவுகோல்கள். சுவரில் மாட்டுவதற்கு ஒரு படம் வேண்டுவோருக்கு அவை சரியான அளவுகோல்களாக இருக்கலாம். விளையாடுவோருக்கு அவை போதா.

காரணம் எளிது. நாவலின் முதற்பக்கத்தில் அச்சாகும் வரைபடம் ஒருமுறை வரைந்தால் முடிந்தது. பாத்திர விளையாட்டின் வரைபடம் ஒருபோதும் முடிவதில்லை. இந்த வாரம் வீரர்கள் ஒரு பாலத்தை எரித்தால் அடுத்த வாரம் அந்தப் பாலம் படத்தில் இருக்கக்கூடாது. நடத்துநர் மூன்று வீடுகளும் ஒரு கிணறுமாக வைத்த கிராமத்தில் வீரர்கள் ஓராண்டு தங்கிவிட்டால் அதற்குச் சந்தை வேண்டும், மதில் வேண்டும், மதிலுக்கு வெளியே சுடலை வேண்டும். இறந்துபோன பாத்திரம் ஒன்றின் பெயரை ஒரு கணவாய்க்கு இடுவார்கள். ஆகவே அது படம் என்பதைக் காட்டிலும் ஒரு கணக்குப் புத்தகம் என்பதே பொருந்தும். மேசையில் நடந்தது யாவும் அதிலே பதியப்படுகின்றது. கணக்குப் புத்தகத்தின் முதற்பண்பு அதில் தொடர்ந்து எழுதக்கூடியதாய் இருத்தல்.

இதனாற்றான் 'நீங்கள் விரும்பும்போது படத்தைத் தரவிறக்கிக்கொள்ளலாமே' என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. தரவிறக்குவது உறைந்துபோன ஒரு படத்தை. அதில் மலை வேறு, ஆறு வேறு, எழுத்து வேறாக இருப்பதில்லை. எல்லாம் ஒரே மையாகக் கலந்துவிடுகின்றன. பாலத்தை அழிக்கப் போனால் ஆறும் சேர்ந்து அழியும். பிள்ளையைத் தாம் வைத்துக்கொண்டு பிள்ளையின் புகைப்படத்தை எம் கையில் தருவதற்கு ஒப்பானது அது.

இந்த விளையாட்டின் வரலாறும் இதனையே சொல்கின்றது. கெரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலிருந்து வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் 3 சிறு நூல்கள். ஆட்டம் தொடங்குமுன் நிலக்கீழ் அறைகளையும் சுரங்கங்களையும் தளம் தளமாக வரைபுத்தாளில் வரைந்து வைக்கவேண்டும், குறைந்தது அரை டசின் தளங்களாவது வேண்டும் என்று அந்நூல்கள் நடத்துநருக்குக் கூறின. வெளிநில வரைபடத்துக்கு, அவலன் ஹில் என்னும் மற்றொரு நிறுவனம் 1972இல் வெளியிட்டிருந்த 'அவுட்டோர் சர்வைவல்' என்ற விளையாட்டின் அறுகோணக் கட்டப் பலகையையே பயன்படுத்தச் சொல்லின. தாளும் பென்சிலும் இரவல் வாங்கிய பலகையும். அவ்வளவுதான் அன்றைய 'மென்பொருள்'.

வரைபவர் நடத்துநர் மாத்திரமும் அல்லர். அக்கால மேசைகளில் வீரர்களுள் ஒருவர் பதிவாளர். 'வடக்கே 40 அடி போகின்றீர்கள், வலப்புறம் ஒரு கதவு' என்று நடத்துநர் சொல்லச் சொல்ல அவர் தம் தாளில் கோடு கீறுவார். அவர் பிழையாகக் கீறினால் திரும்பிவரும் வழி தவறும். வழி தவறினால் உயிர் போகும். வரைபடம் அந்த மேசையின் பொதுச்சொத்தாக இருந்தது. பெறாமகனின் படம் போனபோது ஒருவரின் ஓய்வுநேர ஓவியமா போனது? ஆறு பேரின் 4 ஆண்டுகால நினைவு போனது.

எட் கிரீன்வூட் என்பவரை இவ்விளையாட்டை அறிந்தோர் அனைவரும் அறிவர். ரொறன்ரோவில் பிறந்த அவர், 1960களில் சிறுவனாக இருந்தபோதே 'போகொட்டன் றெல்ம்ஸ்' என்னும் கற்பனை உலகத்தைப் படைக்கத் தொடங்கிவிட்டார். பின்னர் அது விளையாட்டுக்குரிய உலகமாயிற்று. 1980களில் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் வெளியீட்டாளரான ரி.எஸ்.ஆர். நிறுவனம் அவ்வுலகத்தை வாங்கியபோது, குறிப்புகளும் வரைபடங்களும் பெட்டி பெட்டியாக அவரிடமிருந்து போயின. 1987இல் அவ்வுலகம் அச்சில் வெளிவந்தது. பென்சிலாற் கீறிய தாளைப் பார்த்து இன்னொருவர் மீண்டும் வரையமுடிந்தது. அதற்கு யாருடைய அனுமதிக் குறியீடும் தேவைப்படவில்லை; கண் இருந்தாற் போதுமாக இருந்தது.

அதே உலகத்தின் வரைபடங்கள் 1999இல் ஓர் இறுவட்டாகவும் வெளிவந்தன. பெரிதாக்கிப் பார்க்கலாம், தேடலாம். அந்நாளில் வியந்து பேசப்பட்ட முயற்சி. இன்று விற்பனையாகும் பெரும்பாலான மடிக்கணினிகளில் இறுவட்டை இடுவதற்குத் துளையே இல்லை. அந்த இறுவட்டின் பயனை நான் மறுக்கவில்லை. தாளுக்கும் கருவிக்கும் இடையே ஆயுளில் உள்ள வேறுபாட்டைச் சுட்டுவதே என் நோக்கம்.

இந்த வேறுபாட்டை நான் பட்டுத் தெளிந்தவன். நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில் பல ஆண்டுப் பக்கங்களை ஒரு பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாகச் சேமித்து வைத்திருந்தோம். எழுத்தெல்லாம் ஒருங்குறிக்கு முந்திய பாமினி எழுத்துருவில். பிற்காலத்தில் பழைய கட்டுரையொன்றைத் தேடி அந்தக் கோப்பைத் திறக்க முயன்றபோது புதிய கணினி அதனை இன்னதென்றே அறியவில்லை. ஒருவாறு திறக்கவைத்தபோது தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குவியலாகக் கிடந்தன. இறுதியில் எமக்குக் கைகொடுத்தது மஞ்சள் பூத்த அச்சுப் பிரதிதான். கணினியில் இருப்பதெல்லாம் பத்திரமாக இருக்கின்றது என்று எவராவது சொல்லக் கேட்டால் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வரும்.

'பெரிய நிறுவனங்கள் அப்படிச் செய்யமாட்டா' என்று சிலர் கூறுவர். நடந்ததைப் பார்ப்போம். ரி.எஸ்.ஆரை 1997இல் வாங்கிய விசார்ட்ஸ் ஒப் த கோஸ்ட் நிறுவனம் 2008இல் இவ்விளையாட்டின் 4ஆவது பதிப்பை வெளியிட்டபோது 'டி அன்ட் டி இன்சைடர்' என்னும் சந்தாச் சேவையையும் தொடங்கிற்று. பாத்திரங்களை உருவாக்கும் கருவி முதலில் கணினியில் நிறுவிக்கொள்ளும் மென்பொருளாக இருந்தது. 2010இன் இறுதியில் அதற்குப் பதிலாக மைக்ரோசொப்டின் சில்வர்லைட் தொழில்நுட்பத்தில் இணையத்தில் மட்டும் இயங்கும் கருவி வந்தது. உலாவிகள் சில்வர்லைட்டைக் கைவிட்டன. 2020 ஜனவரி 1ஆம் திகதியுடன் அந்தக் கருவிகள் யாவும் மூடப்பட்டன. 4ஆவது பதிப்பின் அச்சு நூலை அலுமாரியில் வைத்திருப்பவர் இன்றும் ஆடலாம். இணையக் கருவியை மாத்திரம் நம்பியிருந்தவர் ஆடமுடியாது.

அதே நிறுவனம் 2025 பெப்ரவரியில் 'சிகில்' என்னும் முப்பரிமாண மேசையை வெளியிட்டது. அடுத்த மாதமே அதை உருவாக்கிய குழுவினரிற் பெரும்பாலானோர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். பல ஆண்டு உழைப்பும் பெருமுதலீடும் இருந்த முயற்சியின் கதி இதுவென்றால் நாலைந்து பேர் நடத்தும் தளத்தின் ஆயுளுக்கு யார் உத்தரவாதம்?

உரிமம் பற்றியும் ஒரு பாடம் உண்டு. 2000ஆம் ஆண்டு முதல் இவ்விளையாட்டின் அடிப்படை விதிகளை ஒரு திறந்த உரிமத்தின் கீழ் பிறரும் பயன்படுத்தி நூல்கள் வெளியிட்டு வந்தனர். 2023 ஜனவரியில் அவ்வுரிமத்தை இறுக்கும் திட்டம் கசிந்தது. உலகெங்குமுள்ள விளையாட்டாளர்கள் கொதித்தெழுந்தனர். பலர் தம் சந்தாக்களை நிறுத்தினர். அம்மாத இறுதியிலேயே நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதித்தொகுப்பை மீளப்பெற முடியாத கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக உறுதியெனக் கருதப்பட்ட ஒன்று சில வாரங்களில் ஆட்டங்கண்டது. அதனைக் காப்பாற்றியது நிறுவனத்தின் நல்லெண்ணம் அன்று, வாடிக்கையாளரின் சினம். நாளை ஒரு வரைபடத் தளம் தன் நிபந்தனைகளை மாற்றினால் அத்துணை பெரிய கூட்டம் உங்களுக்காகத் திரளும் என்று எண்ணாதீர்கள்.

இனி இன்று கிடைக்கும் கருவிகளை இந்தக் கண்கொண்டு நோக்குவோம்.

முதலில், மூத்தது. இலண்டனைத் தளமாகக் கொண்ட புரோபாண்டசி நிறுவனத்தின் 'கம்பெய்ன் கார்ட்டோகிராபர்' 1993இலிருந்து விற்பனையாகின்றது. பொறியியல் வரைபுக்கான மென்பொருளொன்றின் அடித்தளத்தில் கட்டப்பட்டது. ஆகையால் கற்பது கடினம். முதல் வாரத்தில் ஒரு தீவு வரைவதற்குள் தலையிடி வந்துவிடும் என்பது பலரின் முறைப்பாடு; அது நியாயமான முறைப்பாடுதான். விண்டோஸுக்கென்றே உருவாக்கப்பட்டது. ஆனால் ஒரே தடவை வாங்கினால் அது உங்கள் கணினியில் இருக்கும். கோப்பும் உங்களிடமே இருக்கும். மலை மலையாகவும் ஆறு ஆறாகவும் தனித்தனியே கோப்பிற் பதிந்திருப்பதனால் எத்தனை ஆண்டு கழித்தும் பாலத்தை மட்டும் அழிக்கலாம். பட்டியல்காரர்கள் 'பழைய பாணி' என்று ஒதுக்கும் இந்த மென்பொருள் மூன்று தசாப்தங்களுக்கு மேல் நின்றுபிடித்திருக்கின்றது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து, இளையவை. 2018இல் வந்த 'வொண்டர்டிராப்ட்' கண்டங்களையும் நாடுகளையும் வரைவதற்கு. அதை ஆக்கியவரே 2020இல் தந்த 'டன்ஜன்டிராப்ட்' அறைகளையும் போர்க்களங்களையும் வரைவதற்கு. முன்னதன் விலை சுமார் 30 அமெரிக்க டொலர், பின்னதன் விலை சுமார் 20 டொலர். இரண்டுக்கும் சந்தா இல்லை. விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் இணைய இணைப்பின்றி இயங்கும். டன்ஜன்டிராப்ட் தரும் ஒருவகை ஏற்றுமதிக் கோப்பில் படத்துடன் சுவர், கதவு, விளக்கு பற்றிய தகவலும் சேர்ந்து செல்வதனால் பவுண்ட்ரி போன்ற இணையமேசைகளில் அதனைப் பயன்படுத்தலாம். குறை என்னவெனில், ஒரு தனிமனிதரின் உழைப்பில் தங்கியிருப்பவை இவை. அவர் நாளை ஓய்ந்தால் புதிய பதிப்பு வராது. ஆனால் நேற்று வாங்கியது இன்றைக்கே நின்றுவிடாது. அந்த இடைவெளி முக்கியமானது. மூட்டைகட்டிக்கொண்டு வேறிடம் போக அவகாசம் தருவது அது.

மூன்றாவது, உலாவியில் இயங்கும் 'இன்கார்னேட்'. பட்டியல்களில் அடிக்கடி முதலிடம் பெறுவது. இலவசமாகவும் கிடைக்கும், சந்தா கட்டினால் பன்மடங்கு சித்திரங்களும் கிடைக்கும். அழகில் குறைசொல்ல இடமில்லை; ஒருநாள் ஆட்டத்துக்கு ஒரு படம் வேண்டுமென்றால் நானும் அதனையே காட்டுவேன். ஆனால் திருத்தக்கூடிய மூலப்பிரதி அவர்களின் வழங்கியில் இருக்கின்றது. உங்களிடம் வருவது உறைந்த படம். இந்தக் கட்டுரையின் அளவுகோலின்படி பத்தாண்டுக் கதைக்கு அது ஏற்றதன்று. தளம் நல்ல தளமாக இருப்பதற்கும் அதில் குடியிருப்பது புத்தியாக இருப்பதற்கும் வேறுபாடு உண்டு.

நான்காவது வகையைப் பட்டியல்காரர்கள் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடுவர். அதில் விற்பதற்கு எதுவுமில்லை என்பது காரணமாயிருக்கலாம். 'அஸ்கார்' என்ற புனைபெயரில் ஒருவர் ஆக்கிய கற்பனை வரைபட ஆக்கி திறமூல மென்பொருள். கரையோரம், ஆறுகள், அரச எல்லைகள், பட்டினங்கள் எல்லாவற்றையும் நொடியில் அமைத்துத் தந்து, பின்னர் ஒவ்வொன்றையும் கையாற் திருத்த இடமளிக்கும். கோப்பை உங்கள் கணினியில் சேமிக்கலாம். எஸ்.வி.ஜி. வடிவிலும் ஏற்றுமதி செய்யலாம். மென்பொருளையே தரவிறக்கி உங்கள் கணினியில் இயக்கலாம். அதன் தளம் நாளை மறைந்தாலும் மூலநிரல் எத்தனையோ பேரிடம் இருக்கும். நகரங்களுக்கு 'வட்டாபூ' என்பவரின் மத்தியகால நகர ஆக்கியும் இலவசம், அதுவும் எஸ்.வி.ஜி. தரும். எஸ்.வி.ஜி. என்பது ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்தன்று. இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு 2001இல் பொதுத்தரமாக ஏற்ற வடிவம். கட்டற்ற மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் திறந்து கோடு கோடாக மாற்றலாம்.

இங்கு தமிழர்களுக்கெனத் தனியாக ஒரு சொல். பெறாமகனின் உலகத்தில் ஊர்ப்பெயர்கள் சில தமிழில் உள்ளன. அவருடைய மகள் வைத்தவை. எந்த மென்பொருளை வாங்குமுன்னும், முடிந்தால், அதில் 'கோட்டை' என்று தட்டிப் பாருங்கள். இரட்டைக்கொம்பும் துணைக்காலும் ககரத்தின் இருபுறமும் உரிய இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். வொண்டர்டிராப்ட், டன்ஜன்டிராப்ட் இரண்டும் கொடோ என்னும் விளையாட்டு இயந்திரத்தின்மீது எழுந்தவை. அவை வெளிவந்த காலத்திலிருந்த அவ்வியந்திரத்தின் 3ஆவது தலைமுறைக்குத் தமிழ் போன்ற எழுத்துகளை ஒழுங்காக இணைத்துக் காட்டும் ஆற்றல் இருக்கவில்லை. 2023இல் வந்த 4ஆவது தலைமுறையிலேயே அது சேர்ந்தது. இதற்கு மாற்றுவழி உண்டு. நிலத்தை எந்த மென்பொருளிலும் எழுத்தில்லாமல் வரையுங்கள். பெயர்களை இன்க்ஸ்கேப்பில் தனியடுக்காக ஒருங்குறியில் இடுங்கள். பெயர்கள் தனியடுக்கில் இருந்தால் ஒரே நிலத்துக்குத் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக இரு படங்கள் எடுக்கலாம்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். 'மாதம் சில டொலர்தானே, ஒரு கோப்பிக் காசு' என்பது முதலாவது. ஒரு மாதத்துக்கு அப்படித்தான். பத்தாண்டு ஆடும் குழுவுக்கு அது எத்தனை கோப்பை என்று கணக்கிட்டுப் பாருங்கள். அதற்கும் மேலாக, கோப்பி குடித்தால் வயிற்றிலாவது இருக்கும். சந்தாவை நிறுத்தினால் என்ன இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

'சந்தா இருந்தாற்றான் புதிய வசதிகள் வரும், ஆக்குவோரும் பிழைக்கவேண்டாமா' என்பது இரண்டாவது. பிழைக்கவேண்டும். எழுத்தை நம்பிப் பிழைத்தவன் நான். ஆக்குபவரின் கூலியை நான் குறைகூறமாட்டேன். புதிய சித்திரங்களுக்கு விலை வைக்கட்டும். புதிய பதிப்புக்கு விலை வைக்கட்டும். நான் வரைந்த என் ஊரைத் திருத்துவதற்கு மாதாமாதம் வாயிற்காசு கேட்பதைத்தான் நான் எதிர்க்கின்றேன்.

'வீட்டுக் கணினியும் பழுதடையும். அவர்களின் வழங்கியில் இருந்தால் பாதுகாப்பு' என்பது மூன்றாவது. இதில் உண்மை உண்டு. வீட்டிலும் கோப்பு அழியும். ஒரே தடவை வாங்குவதும் முழுக் காப்பன்று: 2003இல் வெளிவந்து பலராலும் விரும்பப்பட்ட 'டன்ஜின்னி' என்ற மென்பொருள் நின்றுபோயிற்று; விளையாட்டாளர்கள் ஆயிரக்கணக்கில் சித்திரங்கள் பகிர்ந்துகொண்ட அதன் தளமும் மறைந்தது. ஆனால் சித்திரங்களைத் தம் கணினியில் சேர்த்து வைத்திருந்தவர்கள் அவற்றை வேறு மென்பொருள்களில் இட்டு வரைந்தார்கள். ஆகவே விடை, இரண்டு இடத்தில் பிரதி வைப்பது. பிரதி வைக்கும் உரிமை உங்களிடம் இருந்தாலல்லவா இரண்டு இடத்தில் வைக்கமுடியும்?

இப்போது நான்காவதாக ஒரு குரலும் எழுந்திருக்கின்றது: செயற்கை நுண்ணறிவிடம் ஒரு வரி சொன்னால் படம் வந்துவிடும், மென்பொருளே எதற்கு என்கின்றார்கள். வருவது வரைபடம் போலத் தோற்றமளிக்கும் ஓவியம். அதில் ஆறு மலையேறும். வீதி எங்கும் போய்ச் சேராது. ஊர்ப்பெயர் பிழையாக வரக்கூடும். திருத்து என்றால் கேளாத இடங்களும் மாறிவிடக்கூடும். கணக்குப் புத்தகத்துக்குக் கணக்குப் புத்தகம் போன்றதொரு சித்திரம் ஈடாகாது.

எனவே வாங்குமுன் கேட்கவேண்டியவை இவை. இணையத்தைத் துண்டித்தால் இயங்குமா? திருத்தக்கூடிய மூலக்கோப்பு என் கணினியில் இருக்குமா? அதனை வேறொரு மென்பொருளும் திறக்குமா, இல்லையேல் குறைந்தது நிலமும் சுவரும் எழுத்தும் தனித்தனியாக வெளியே வருமா? அதிலுள்ள சித்திரங்களைக் கொண்டு வரைந்த படத்தை, என் கதையை நூலாக விற்க விரும்பினால், அச்சிடலாமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் மறக்கின்றார்கள். சொந்தப் பாவனைக்கு மட்டும் என்று உரிமத்தில் எழுதியிருந்தால், நூல் அச்சுக்குப் போகும் வேளையில் வரைபடத்தை முதலிலிருந்து வரையவேண்டி வரும். இந்த நான்குக்கும் விடை கண்ட பின்னர் அழகைப் பாருங்கள். அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதன் முறை வரும்போது வரட்டும் என்கின்றேன்.

பெறாமகனுக்கு நான் சொன்ன வழி இதுதான். உலகத்துக்கு அஸ்காரின் ஆக்கியும் இன்க்ஸ்கேப்பும், செலவில்லை. போர்க்களங்களுக்கு விரும்பினால் டன்ஜன்டிராப்ட். ஆட்டம் முடிந்த ஒவ்வொரு இரவும் கோப்பை இரண்டு இடத்தில் பிரதி எடுக்கவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தாளில் அச்சிட்டு ஒரு கோவையில் போடவேண்டும். தாள்தான் எந்த நிறுவனத்தின் நிபந்தனையையும் ஏற்காமல் திறக்கின்ற கோப்பு. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இழந்த உலகத்தை ஆறு பேரும் கூடியிருந்து ஒரு பெரிய வரைபுத்தாளில் பென்சிலால் கீறவேண்டும்.

கடந்த வாரம் மீண்டும் அழைத்தார். கீறி முடிக்க இரண்டு சனிக்கிழமைகள் எடுத்தனவாம். எரிந்த பாலம் ஆற்றின் மேற்புறத்திலா கீழ்ப்புறத்திலா இருந்தது என்பதில் மூவருக்கும் மூவருக்கும் வாக்குவாதமாம். தளத்தில் இருந்த படத்தில் அது எங்கே இருந்தது என்பதை இனி எவராலும் உறுதிப்படுத்த முடியாது. பகடை உருட்டித் தீர்த்துக்கொண்டார்கள் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆயினும் அந்தத் தளத்தை விட்டு அவருடைய பேச்சு விலகவேயில்லை.

உங்கள் படங்களை ஏதேனுமொரு தளத்தில் வைத்திருப்பவராயின், இதனை வாசித்து முடித்ததும் போய்த் தரவிறக்கக்கூடியது எதுவோ அதனைத் தரவிறக்கி வையுங்கள். அடுத்த சந்தாவைப் பற்றி அதன்பின் யோசிக்கலாம்.